மாடில்லாத வீட்டில் பட்டிப் பொங்கல் வைக்கலாமா?

கேள்வி, 15 டிசம்பர் 2024

நான் தஞ்சாவூர்ப் பக்கம். பெண் எடுத்தது பெருந்துறையில். இது தலைப்பொங்கல். மாமனார் வீட்டிலிருந்து போன் செய்து, "தை ஒண்ணுக்கு வர முடியலீன்னாலும் பரவால்லீங்க மாப்ள, பட்டிப் பொங்கலுக்குக் கண்டிப்பா வந்தரோணும்" என்கிறார்கள். எங்கள் பக்கம் பெரும்பொங்கல்தான் எல்லாம், மாட்டுப் பொங்கல் அதன் வால். கொங்கு நாட்டில் மட்டும் வால் எப்படித் தலையானது? இதில் வேடிக்கை, அந்த வீட்டில் இப்போது ஒரு மாடுகூட இல்லை. யாருக்குப் பொங்கல் வைப்பார்கள்?

16 டிசம்பர் 2024, காலை 5.50

வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். மார்கழி ஒன்று. கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கே எழுப்பிவிட்டது.

எங்களுக்கு முதலிலிருந்தே அதுதான் தலை. உங்கள் பக்கம் காவிரி பாய்ந்தது. தையில் சம்பா அறுத்து, புது நெல்லைக் குத்தி, சூரியனுக்குப் பொங்கினீர்கள். நாங்கள் மானம் பார்த்த காட்டுக்காரர்கள். சோளம், கம்பு, கொள்ளு. கிணறு வெட்டினால் அறுபதடி, எழுபதடி. அந்த ஆழத்திலிருந்து தண்ணீரைத் தோல்சாலில் மேலே இழுத்தது ஒரு ஜோடி எருது, அதைத்தான் கவலை இறைப்பது என்போம். விடிய விடியக் கவலை இறைத்த மாட்டை விட்டுவிட்டுச் சூரியனுக்கு எதற்கு நன்றி? காட்டைக் காய வைத்ததே சூரியன்தான்.

மாடில்லாமல் பட்டிப் பொங்கல் என்பதில் நான் உங்கள் கட்சி. பட்டி என்றாலே மாடும் ஆடும் அடையும் இடம். வெறும் பட்டியில் பொங்கல் வைப்பது நாடகம்.

16 டிசம்பர், இரவு

எந்த நாளில் எந்தப் பொங்கல் என்று வரிசை கேட்டிருந்தீர்கள். நாங்கள் 'பொங்க நோம்பி' என்போம். நோன்புதான் நோம்பி ஆகியிருக்கிறது, ஆனால் பட்டினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தீபாவளியும் நோம்பிதான், ஆடி பதினெட்டும் நோம்பிதான். மூக்கு முட்டத் தின்கிற நாளுக்கு நோன்பு என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்.

மார்கழி கடைசி நாள் சாயங்காலம் காப்புக்கட்டு. நீங்கள் போகி என்று பழைய பாயைக் கொளுத்துவீர்களே, அந்த நாள். எங்கள் ஊரில் எதையும் கொளுத்த மாட்டோம். தை ஒன்று வாசல் பொங்கல். மறுநாள் பொழுது சாயும்போது பட்டிப் பொங்கல். அதற்கடுத்த நாள் பூப்பறிக்கிற நோம்பி. அது பெண்பிள்ளைகளுடையது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்குத் தூங்க மாட்டேன்.

18 டிசம்பர்

கோபிச்செட்டிபாளையத்து அண்ணன் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். "கொங்குன்னா காங்கேயம் மட்டும்தானா? எங்க தடப்பள்ளி வாய்க்கால்ல நெல்லு விளையறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

தெரிகிறதுங்க அண்ணா. ஒப்புக்கொள்கிறேன். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்கால், பச்சைப் பசேல் என்று வயல். பவானியில் தொடங்கி நொய்யல் வரை போகும் காலிங்கராயன் வாய்க்காலையும் விட்டுவிட்டேன். 1283 இல் தண்ணீர் விட்டதாகச் சொல்கிறார்கள், இன்றைக்கும் பாய்கிறது. தை ஐந்தாம் நாளைக் காலிங்கராயன் நாள் என்று அங்கே கொண்டாடுகிறார்கள். பவானிசாகர் வந்து 1950களில் கீழ்பவானிப் பாசனமும் சேர்ந்தது. ஆக, 'கொங்கில் நெல் இல்லை' என்ற தொனியில் எழுதியது தப்பு.

ஆனால் அண்ணா, ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் எந்தப் பொங்கலுக்கு ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், அதிகம் வரும்? தை ஒன்றுக்கா, பட்டிப் பொங்கலுக்கா?

19 டிசம்பர்

கோபி அண்ணன் பதில்: "பட்டிப் பொங்கலுக்குத்தான். சரி, உடு."

22 டிசம்பர், ஞாயிறு

என் பிறந்த வீடு சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யலை ஒட்டி. அப்பா போய்விட்டார். தம்பி பெங்களூரில். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அம்மா மட்டும் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில். கடைசி மாட்டை 2012 இல் விற்றோம். மழை இல்லாத வருஷம், சோளத்தட்டு விலை தாங்கவில்லை. காங்கேயம் பசு, கொம்பு இரண்டும் மேலே போய் உள்பக்கம் வளைந்து முனை தொடுகிற மாதிரி இருக்கும். வண்டியில் ஏற்றும்போது அப்பா வெளியே வரவில்லை. ஆசாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தை ஒன்று மட்டும்தான். நான் காலையில் போய்ப் பொங்கல் வைத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். மாட்டுப் பொங்கலன்று டிவி. அதனால்தான் நாடகம் என்று எழுதினேன். வீம்புக்கு எழுதவில்லை.

25 டிசம்பர்

இன்று எதிர்வீட்டு அக்கா கிறிஸ்துமஸ் தட்டு கொண்டுவந்தார். ஒரு மாதமாகத் திராட்சைச் சாற்றில் ஊறிய உலர்பழம் போட்ட கேக், அச்சுமுறுக்கு, கொஞ்சம் கலகலா. அச்சுமுறுக்கு வாயில் வைத்ததும் நொறுங்கிப்போகிறது. பூ அச்சை எண்ணெயில் காய வைத்து, மாவில் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டுமாம். முழுசாக முக்கினால் மாவு அச்சை விட்டு வராது. பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன், இன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வாங்கின தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, அது எங்கள் ஊர் சட்டம். சரி, கச்சாயம் சுடலாம் என்று இறங்கினேன். பச்சரிசி ஊற வைத்து அரைத்தேன். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி ஊற்றினேன். எண்ணெயில் ஒரு கரண்டி விட்டதும் மாவு நாலாபக்கமும் ஓடிப் பூச்சரமாகப் பிரிந்துவிட்டது. கரண்டியால் பிடித்தால் வலை, விட்டால் கரி. மூன்று முறை முயன்றேன். கடைசியில் தெருக்கோடிக் கடையில் முறுக்கு வாங்கித் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அதில் பழைய எண்ணெய் வாடை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

26 டிசம்பர்

"கச்சாயமும் அதிரசமும் ஒன்றுதானே?" என்று கேட்ட நண்பருக்கு: இல்லைங்க. அதிரசத்துக்கு மாவை இடித்து, பாகு காய்ச்சி, பதம் பார்த்து, ஒரு நாளாவது புளிக்க விட்டு, தட்டிப் போட வேண்டும். கச்சாயம் அவசரக்காரி. காலையில் அரிசி ஊறப் போட்டால் மத்தியானம் தட்டில் இருக்கும். கரண்டியால் ஊற்றுவதுதான், தட்டுவது கிடையாது. நடுவே மெத்தென்று, ஓரம் மொறுமொறுவென்று வர வேண்டும். எனக்கு ஓரமே இல்லாமல் போனது வேறு கதை.

29 டிசம்பர்

வீட்டில் சொல்லும் கதை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மார்கழி ராத்திரி சீக்கிரம் இருட்டிவிடும், குளிர் வேறு. அப்பாரு, அதாவது தாத்தா, மாடு கட்டும் கட்டுத்தரையில் சோளத்தட்டுச் சக்கையைப் பற்ற வைத்துக் குளிர் காய்வார். நாங்கள் சுற்றி உட்காருவோம். கதை சொல்வதைப் 'பழமை பேசறது' என்போம்.

ஆத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, ஒரே கதைதான். சிவன் தன் காளையைக் கூப்பிட்டு, "பூலோகத்துக்குப் போய், தினமும் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், மாசத்துக்கு ஒரு தடவை சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வா" என்றாராம். காளை இங்கே வந்து மாற்றிச் சொல்லிவிட்டது: தினமும் சாப்பிடுங்கள், மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். சிவனுக்குக் கோபம். "இத்தனை சோத்துக்கு அவங்க எங்க போவாங்க? நீயே போய் உழுது குடு" என்று அனுப்பிவிட்டார். இதுவரை எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆத்தா இதற்கு மேல் ஒன்று சேர்ப்பாள். காளை மறந்துபோய்ச் சொல்லவில்லையாம். வந்து சனங்களைப் பார்த்தது, ஒட்டின வயிறு. மாசத்துக்கு ஒரு வேளை என்று சொல்ல வாய் வரவில்லையாம். "தெரிஞ்சேதான் மாத்திச் சொல்லுச்சு சாமி." எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று கேட்டால் ஆத்தாவுக்குக் கோபம் வரும்.

அப்பாருடையது அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி. குன்றுடையானும் தாமரையும் பிள்ளை இல்லாமல் பட்ட பாட்டிலிருந்து தொடங்க வேண்டிய கதை. நாங்கள் விட மாட்டோம். "பன்னிக்கு வாங்க அப்பாரு, பன்னிக்கு வாங்க" என்போம். கொம்பன் என்கிற காட்டுப்பன்றி, மலை மாதிரி. சங்கர் வேட்டைக்குப் போகிறான், பெரிய பெரிய நாயெல்லாம் தோற்றுப்போகிறது. கடைசியில் பொன்னாச்சி என்கிற குட்டி நாய் போய் ஒரே கடி. எங்கே கடித்தது என்று அப்பாரு சொல்ல வாயெடுக்கும்போது ஆத்தா உள்ளேயிருந்து இருமுவாள். அந்த இருமலுக்காகவே அந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வோம்.

இந்தக் கதையைத்தான் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானுடவியலாளர் 1965 இல் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி, உடுக்கையடிப் பாட்டாக நாடாவில் பதிவு செய்தார். மார்கழி ராத்திரிகளில் ஊர் ஊராக உடுக்கை அடித்துப் பாடுவார்கள்.

30 டிசம்பர்

நேற்று எழுதியதில் கடைசி வரி தப்பு. அம்மாவிடம் போனில் கேட்டேன். "மார்கழீல யாரு உடுக்கை அடிச்சா? அறுவடை முடிஞ்சு, காடு சும்மா கெடக்கறப்பத்தான் பாடுவாங்க" என்றாள். சரிதான். அண்ணன்மாருக்குக் கோயில் இருக்கும் வீரப்பூரில் படுகளம் விழுவதும் மாசியில்தான். அண்ணன்மார் செத்து விழுவதும், தங்காள் வந்து அழுது எழுப்புவதும் அங்கே ராத்திரி நடக்கும். அப்பாரு குளிர் காய்ந்துகொண்டே சொன்னதால் என் மனசில் அந்தக் கதை மார்கழியோடு ஒட்டிக்கொண்டது. பாட்டு மாசி, பழமை மார்கழி. இரண்டையும் குழப்பிவிட்டேன்.

3 ஜனவரி 2025

பூப்பறிக்கிற நோம்பி. தூக்கம் போனாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

மார்கழி முழுக்கத் தினம் காலையில் கோலத்து நடுவே சாணிப் பிள்ளையார் பிடித்து, தலையில் அரசாணிப்பூ வைப்போம். வெயில் ஏறியதும் அந்தப் பிள்ளையாரை எடுத்துச் சுவர் ஓரம் காய வைத்துக் கூடையில் சேர்க்க வேண்டும். முப்பது நாள், முப்பது கூட்டம் பிள்ளையார். பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாம் ஆற்றுக்குப் போவோம். பாவாடை தாவணி, தலை நிறைய கனகாம்பரம். வழியெல்லாம் ஆவாரம்பூ பறிப்பது, பாட்டுப் பாடிக் கும்மி அடிப்பது. தூக்குப்போசியில் புளிச்சோறு, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிய சந்தகை. சந்தகை பிழிவது இரண்டு ஆள் வேலை. வெந்த மாவு சூடாக இருக்கும்போதே அச்சில் போட்டு அமுக்க வேண்டும், ஆறினால் நகராது. அம்மா மேலே ஏறி நின்று அமுக்குவாள், ஆத்தா கீழே வட்டலை, அதாவது சாப்பாட்டுத் தட்டை, பிடித்துக்கொண்டு "இன்னொரு அமுக்கு, இன்னொரு அமுக்கு" என்பாள்.

எங்கள் ஆறு நொய்யல். பிள்ளையாரை நொய்யலில்தான் விடுவோம். 1980களில் பாறை தெரியும் தண்ணீர். 1992 இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள், பாசனத்துக்கு என்று. தேங்கியது திருப்பூர்ச் சாயத் தண்ணீர். ஒரு வருஷம் கூடையோடு போய்ப் பார்த்தோம். ஓரமெல்லாம் நுரை, நடுவே ஊதாவும் இல்லாத கறுப்பும் இல்லாத ஒரு நிறம். பிள்ளையாரை அதில் விட எங்களுக்கே மனசு வரவில்லை. பெரியவள் ஒருத்தி, "வேண்டாம்டி, கிணத்துமேட்டுல வெச்சுரலாம்" என்றாள். தென்னைமரத்தடியில் கொட்டிவிட்டு வந்தோம். அதுதான் நான் போன கடைசிப் பூநோம்பி.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. சுத்திகரித்து, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதியோடுதான் பிறகு திறந்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் கம்பெனியில் சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. நான் புலம்பினேன். அம்மா மட்டும், "ஆத்துல வாடை கொறஞ்சிருக்குது கண்ணு" என்றாள். என் சம்பளமும் பிள்ளையாரின் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

4 ஜனவரி

நேற்றையதற்கு வந்த பதில்களில் பாதி திருப்பூரைத் திட்டுகிறது, பாதி என்னை. இரண்டுக்கும் பதில் எழுதப் போவதில்லை. அரசாணிப்பூ என்றால் என்ன என்று கேட்டவருக்கு மட்டும்: மஞ்சள் பூசணிப் பூ. உங்களுக்குப் பரங்கி.

9 ஜனவரி

உடுமலைக்கார அக்கா ஒருவர் எழுதியிருப்பது, நான் பார்க்காதது, அதனால் அப்படியே தருகிறேன். அவர்கள் பக்கம் மாட்டுப் பொங்கலன்று பிறக்கும் காளைக்கன்றைச் சாமிக்கு என்று விட்டுவிடுவார்களாம். அதை ஏர் பூட்டுவதில்லை, விற்பதில்லை. அதுதான் சலகெருது. மார்கழி ராத்திரிகளில் உருமி முழங்க, இளவட்டங்கள் நீளமான மூங்கில் குச்சியோடு அதன் முன்னால் ஆட, காலில் சலங்கையோடு அதுவும் எதிர்த்து ஆடுமாம். தை பிறந்ததும் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். மாடு நோய்நொடி இல்லாமல் இருக்க அங்கே மண்ணில் செய்த மாட்டு உருவாரம் வைத்துக் கும்பிடுவது வழக்கம்.

நான் இதில் யோசித்தது வேறு. மண் மாட்டை வைத்துக் கும்பிடுவதை நான் நாடகம் என்று சொல்ல மாட்டேன். அப்படியானால் 16 ஆம் தேதி எழுதியதை என்ன செய்வது? அழிக்கவில்லை, இருக்கட்டும்.

13 ஜனவரி, இரவு

இன்று திருவாதிரையும் காப்புக்கட்டும் ஒரே நாளில். காலையில் களி, சாயங்காலம் காப்பு. இடுப்பு போய்விட்டது. விடுப்பு போட்டு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன், இந்த வருஷம் நான்கு நாளும் இங்கேதான். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் ஒரு பிடியாகச் சேர்த்துக் கட்டி, வீட்டு வாசல்நிலை, கிணறு, மோட்டார் ரூம், காட்டு மூலை எல்லாவற்றிலும் செருக வேண்டும். அம்மா கட்டுத்தரைக் கம்பத்திலும் ஒன்று செருகினாள். நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

வழக்கம்போல இன்றும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: 'காப்புக்கட்டு என்பது நம் முன்னோரின் முதலுதவிப் பெட்டி'. பூளை, அதாவது சிறுபீளை, கல்லடைப்புக்குச் சித்த வைத்தியத்தில் கொடுப்பது உண்மைதான். அதற்காகக் கூரையில் செருகி மூன்று மாசம் வெயிலில் காய்ந்த கொத்தைப் பறித்துக் கஷாயம் வைக்காதீர்கள்.

15 ஜனவரி, இரவு 10.15

பட்டிப் பொங்கல் ஆயிற்று. கை முழுக்கச் சாணியும் நெய்யும். நாளைக்கு எழுதுகிறேன். தஞ்சாவூர் மாப்பிள்ளை, நீங்கள் போனீர்களா?

17 ஜனவரி

பட்டிப் பொங்கலன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். அம்மா மம்பட்டியோடு கட்டுத்தரைக்குப் போனாள். பன்னிரண்டு வருஷமாக மாடு நிற்காத இடம், ஆனால் புல் முளைத்திருக்கவில்லை. சுத்தமாகக் கூட்டியிருந்தாள். நடுவே முறத்தளவுக்குச் சதுரமாகக் குழி வெட்டி, சுற்றிலும் சாணியில் கரை கட்டினாள். தெப்பக்குளம், பொங்கல் வைத்த பிறகு மாடு தாண்ட வேண்டியது. சாணி தெக்காலத் தோட்டத்து மாமா வீட்டிலிருந்து. "சாணிகூட இரவலா அம்மா?" என்றேன். "பின்ன, நானா போட முடியும்?" என்றாள்.

கரையின் நான்கு மூலையிலும் கரும்புச் சோகை, ஆவாரம்பூ, அரசாணிப்பூ. குளத்தில் தண்ணீர் ஊற்றினால் மண் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, நான் குடம் குடமாக ஊற்றுகிறேன். அப்போதுதான் கேட்டேன், இந்த வருஷம் என்ன புதுசாக என்று.

"என்ன புதுசு? வருசா வருசம் வெக்கறதுதானே."

மாடு விற்ற பிறகும் ஒரு வருஷம் தவறாமல் தெப்பக்குளம் வெட்டியிருக்கிறாள். நான் தை ஒன்று சாயங்காலம் பஸ் ஏறிவிடுவேன், தம்பி வருவதே இல்லை, அதனால் யாருக்கும் தெரியாது. அப்பா இருந்த வரைக்கும் அவர் வட்டல் தட்டியிருக்கிறார்.

"மாடே இல்லாம யாரும்மா தாண்டுனது?"

"யாராச்சும் தாண்டோணுமல்ல? நானே தாண்டுனேன்."

இதற்கு எனக்குப் பதில் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி தொட்டிக்குப் போனேன். எழுபத்திரண்டு வயசு, மூட்டுவலி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரும் இல்லாத கட்டுத்தரையில், தனியாக.

இந்த வருஷம் மாமா, தானாகவே, பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்தார். "மகள் வந்திருக்குதுன்னாங்க, அதான்" என்றார். கன்று மூன்று மாசம், செவலை. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து, ஆறு மாசத்துக்கு மேல்தான் வெளுக்கும். அதன் கழுத்தில் கனகாம்பரம் கட்டினால் நிறம் தெரியவில்லை, அத்தனை சிவப்பு.

மூன்று கல் கூட்டிப் பச்சரிசிப் பொங்கல். அவரையும் அரசாணியும் தட்டைப்பயறும் போட்ட கூட்டு. பொங்கல் பொங்கியதும் மாமா வட்டலைத் தட்ட, "பொங்கலோ பொங்கல், பட்டி பெருகோ பெருகு" என்று மூன்று பேர் கத்தினோம். மூன்று பேர் கத்துவது இருட்டில் ரொம்பச் சின்னதாகக் கேட்கிறது. வாழைப்பழம், சர்க்கரை, நெய் எல்லாம் பொங்கலோடு பிசைந்து முதலில் பசுவுக்கு. அதன் நாக்கு உள்ளங்கையை உப்புத்தாள் மாதிரி ராவிக்கொண்டு போனது. எத்தனை வருஷம்!

அப்புறம் தாண்ட வேண்டும். பசு பழக்கமானது, ஒரே எட்டு, போய்விட்டது. கன்று நின்றுவிட்டது. மாமா கயிற்றை இழுக்கிறார், நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன், நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. பிறகு தலையைக் குனிந்து, மிதந்த ஆவாரம்பூவை மூக்கால் ஒதுக்கிவிட்டு, தெப்பக்குளத்துத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. குடித்து முடிக்கிற வரைக்கும் மாமாவுக்குச் சங்கடம். "சாங்கியம் தப்பிப்போச்சுங்களே நங்கை" என்றார் அம்மாவிடம்.

"தாகமா இருந்திருக்கும். உடுங்க" என்றாள் அம்மா.

17 ஜனவரி, பிற்பகல்

ஆமாம், 16 டிசம்பர் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இன்னும் எத்தனை பேர் கேட்பீர்கள்?

20 ஜனவரி

தஞ்சாவூர் மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். மாமனார் வீட்டில் டிராக்டரைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, அதைத் தெப்பக்குளத்தின் மேல் ஏற்றி இறக்கினார்களாம். குளம் நாசம், டயரெல்லாம் பொங்கல். "இதுவும் கணக்கில் வருமா?" என்கிறார். என்னைக் கேட்காதீர்கள், நான் தீர்ப்புச் சொல்லிக் கையைச் சுட்டுக்கொண்டவள்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். சென்னிமலைக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். மலைக்கு 1320 படி. அதில் காளையின் முதுகில் பொதி ஏற்றித்தான் அபிஷேகத் தண்ணீர் மேலே போகிறது. 1984 இல் மாட்டுவண்டியே படியேறியது, அப்போது எனக்கு எட்டு வயசு, ஊரில் ஒரு மாசம் வேறு பேச்சே இல்லை. நாங்கள் பஸ்ஸில்தான் ஏறினோம். அம்மா வழி முழுக்க ஜன்னலில் காளையைத் தேடிக்கொண்டு வந்தாள்.

அப்புறம், கச்சாயம். டிசம்பரில் நான் செய்தது இரண்டு தப்பு. சர்க்கரையைத் தண்ணீரில் கரைக்கவே கூடாது. ஊறின பச்சரிசியைச் சுத்தமாக வடித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து முக்கால் பதம் அரைத்து, பிறகு நாட்டுச்சர்க்கரையை ஆட்டுக்கல்லிலேயே போட்டு நாலு சுற்று. சர்க்கரையே தண்ணீர் விட்டுக்கொள்ளும். இரண்டு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் சர்க்கரை, ஏலக்காய், ஒரு சின்ன வாழைப்பழம். எண்ணெய் புகையக் காயக் கூடாது, ஒரு கரண்டி ஊற்றினால் அடியில் போய் மெதுவாக மேலே வர வேண்டும். போன ஞாயிறு இப்படிச் சுட்டேன், ஓரம் சரிகை மாதிரி வந்தது. எதிர்வீட்டுத் தட்டில் பன்னிரண்டு வைத்துக் கொடுத்தேன். தட்டு இன்னும் திரும்பி வரவில்லை.